எடைமேடையிலிருந்து பேரேடு வரை: கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலை ஒன்றின் 64 பிட் மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நிற்கப்போகின்றன என்ற அறிவிப்பு, கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையில் உள்ள ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் உரிமையாளரை அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில்தான் எட்டியது. அதற்கு முன் எட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மே மாதத்தில் தொடங்கி ஜூலை இறுதி வரை ஆலை வாசலில் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும்; பெங்களூரா பழம் குவியும் அந்த நாட்களில் ஒரு கணினியின் திருகைக்கூடக் கழற்ற யாரும் அனுமதிக்க மாட்டார்கள். பருவம் முடிந்து, கொதிகலன் குளிர்ந்து, கூலியாட்கள் ஊர் திரும்பிய பிறகு என்னை அழைத்து, “எல்லாக் கணினியையும் புதிதாக்கிவிட வேண்டும், என்ன செலவாகும்?” என்று உரிமையாளர் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மாவட்ட ஆலைகளின் கணினிகளைப் பராமரித்துவருபவன் என்ற முறையில், விலைப்பட்டியல் தருவதற்கு முன் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரமே பிந்தைய நான்கு மாத வேலையின் போக்கைத் தீர்மானித்தது.

மூன்று பத்திகள் கொண்ட ஒரு நோட்டு

ஆலையில் மொத்தம் பதினொரு கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்பும் அமர்ந்து, ஒரு நீள நோட்டில் மூன்று பத்திகள் போட்டு எழுதினேன்: சிப் எத்தனை பிட் (அதாவது ஒரே மூச்சில் எத்தனை இரும இலக்கங்களைக் கையாளும்), விண்டோஸ் எத்தனை பிட், அதில் ஓடும் நிரல் எத்தனை பிட். கணினி பழையதா புதியதா என்ற கேள்விக்கு இந்த மூன்றில் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று வேறு விடைகள் கிடைக்கும். பெரும்பாலான இடங்களில் முதல் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

எடைமேடை அறையில் இருந்தது பழைய பென்டியம் 4. அது ஒன்றுதான் முழுக்க 32 பிட் சிப் கொண்டது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் நிரல். மீதிப் பத்தும் 64 பிட் சிப்கள். ஆனால் அவற்றில் ஆறு கணினிகளில் 32 பிட் விண்டோஸே நிறுவப்பட்டிருந்தது. அந்த ஆறில் ஒன்று சர்வர். அதில் 8 ஜிபி நினைவகம் பொருத்தப்பட்டிருந்தும், 32 பிட் முகவரியால் 4 ஜிபிக்கு மேல் எண்ண முடியாது என்பதாலும், அதிலும் ஒரு பகுதியை வன்பொருள் தனக்கென எடுத்துக்கொள்வதாலும், விண்டோஸ் பயன்படுத்தியது மூன்றேகால் ஜிபி மட்டுமே. மீதி நினைவகத்துக்குப் பணம் கொடுத்த உரிமையாளர், அது இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்ததைக் கேட்டுச் சிரித்தாரா வருந்தினாரா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

மீதமிருந்த நான்கு அலுவலகக் கணினிகள் 64 பிட் விண்டோஸ் 10 கொண்டவை. அவற்றில் இரண்டு, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய சிப்களும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் உடையவையாக இருந்ததால் விண்டோஸ் 11-க்கு நேரடியாக மாறின. மற்ற இரண்டுக்கும் பதிலாகப் புதியவை வைத்தோம். கணக்கு மென்பொருளும் மின்னஞ்சலும் மட்டும் ஓடிய அந்த மேசைகளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஒரே நாளில் முடிந்தது. பீப்பாய் ஒட்டுச்சீட்டு அச்சிடும் கணினியில் மட்டும் ஒரு சிறு தடை இருந்தது. 215 கிலோ கூழ் நிரப்பிய ஒவ்வொரு டிரம்முக்கும் தொகுதி எண்ணுடன் சீட்டு அச்சிடும் மென்பொருளின் டோங்கிள் (உரிமத்தை உறுதிசெய்யும் செருகி) இணைநிலை போர்ட்டில் செருகப்படும் வகையைச் சேர்ந்தது. புதிய கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. விற்றவர்கள் ஒரு தொகை பெற்றுக்கொண்டு யுஎஸ்பி டோங்கிள் தந்தார்கள்.

ஆக, வேலை என்று சொல்லத்தக்கது மூன்று இடங்களில் இருந்தது: எடைமேடை, விவசாயிகள் பேரேடு, ஆய்வகம்.

பழைய நிரல் ஏன் நின்றது

புதிய கணினி பழையதைவிடப் பல மடங்கு வேகமானது என்றால் பழைய நிரல் மட்டும் ஏன் ஓடாது என்று எடைமேடைப் பொறுப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. 1978-இல் வந்த இன்டெல் 8086 ஒரு 16 பிட் சிப். 1985-இல் 80386 வழியாக 32 பிட் வந்தபோது, பழைய 16 பிட் நிரல்களைத் தனக்குள் ஒரு பொய்யான 8086 இருப்பதுபோல் நம்பவைத்து ஓட்டும் ஒரு நிலையையும் இன்டெல் அந்தச் சிப்பிலேயே வைத்தது. 32 பிட் விண்டோஸ்களில் டாஸ் நிரல்கள் கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது அதன் தயவால்தான்.

64 பிட்டுக்குப் போகும் பாதையில் இரண்டு முயற்சிகள் நடந்தன. 2001-இல் இன்டெல் வெளியிட்ட இட்டானியம், பழைய கட்டளைத் தொகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. பழைய நிரல்கள் அதில் தட்டுத் தடுமாறியே ஓடின. 2003-இல் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான், 8086 வழிவந்த பழைய எக்ஸ்86 கட்டளைகளையே 64 பிட்டுக்கு நீட்டி, 32 பிட் நிரல்கள் முழு வேகத்தில் பக்கத்திலேயே ஓடும்படி செய்தது. சந்தை இரண்டாவதன் பின்னால் போனது. இன்டெலும் அதே வழிக்கு வந்தது. எங்கள் ஆலையின் 32 பிட் நிரல்கள் புதிய கணினிகளில் முதல் நாளே திறந்துகொண்டதற்கு அந்த முடிவே காரணம். ஆனால் 64 பிட் நிலையில் இயங்கும்போது பொய் 8086 நிலை அந்தச் சிப்பில் கிடைக்காது. 64 பிட் விண்டோஸும் டாஸ் நிரல்களை ஓட்டும் பகுதியைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 11 என்பது 64 பிட்டாக மட்டுமே வருவதால், 16 பிட் நிரல்களுக்குத் திரும்பிப் போக வழியும் இல்லை.

இதைப் பொறுப்பாளரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “பேரனுக்குத் தாத்தா பேச்சு புரியாது, அப்பா பேச்சு புரியும்” என்றேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

எடைமேடை

ஆலைக்குள் நுழையும்போது லோடு லாரிக்கு ஓர் எடை, பழத்தை இறக்கிவிட்டு வெளியேறும்போது காலி லாரிக்கு ஓர் எடை. இரண்டின் வித்தியாசமே விவசாயிக்குப் பணமாகிறது. மேடையின் அடியில் உள்ள உணரிகளின் சைகையை எண்ணாக்கிச் சிவப்பு எழுத்தில் காட்டும் கருவி, எடையளவுச் சட்டப்படி முத்திரையிடப்பட்டது. அதைத் திறக்கவோ மாற்றவோ கூடாது. அந்தக் கருவியின் பின்புறத்திலிருந்து தொடர்நிலைக் கம்பி ஒன்று கணினியின் காம்1 போர்ட்டுக்கு வரும். தொடக்கக் குறி ஒன்று, ஆறு இலக்கங்கள், முடிவுக் குறி ஒன்று என எடையைக் கருவி இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிரல் அதைப் படித்துச் சீட்டாக்கும்.

நிரலை எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். மூல நிரல் யாரிடமும் இல்லை. ஆகவே முதலில், டாஸ் கணினியைப் போல நடிக்கும் ஒரு போலிமைப்பு மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவி, பழைய நிரலை மாற்றமின்றி அதற்குள் ஓடவிட்டேன். புதிய கணினியில் தொடர்நிலைப் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்றைப் பொருத்தி, விண்டோஸ் அதற்குக் கொடுத்த காம்7 என்ற எண்ணை, போலிமைப்புக்குள் காம்1 என்று தெரியும்படி அமைத்தேன். திரை வந்தது, எடை வந்தது, சீட்டும் அச்சானது. அன்று மாலையே வேலை முடிந்தது என்று நான் வீட்டுக்குப் போயிருந்தால் இந்த ஆய்வை எழுதும் தகுதி எனக்கு இருந்திருக்காது.

பழைய கணினியை உடனே அகற்றாமல், கருவியிலிருந்து வரும் அனுப்புக் கம்பியைக் கவை போல இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைப் பழைய கணினிக்கும் மறு கிளையைப் புதியதற்கும் கொடுத்திருந்தோம். பருவம் முடிந்திருந்தாலும் கொதிகலனுக்கான விறகு லோடும், ஏற்றுமதிக்குப் புறப்படும் டிரம் லோடும் மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கணினிகளிலும் சீட்டுப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்றாம் நாள் பொறுப்பாளர் என்னை அழைத்தார். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். அந்த மேடையில்தான் தலை நரைத்தவர்.

“தம்பி, மேலே பதினெட்டு டன் காட்டுது, சீட்டுல ரெண்டு டன்கூட வரலை. காலி லாரியே இதைவிட எடை இருக்குமே, பாருங்க.”

கருவியில் 18,640 கிலோ. பழைய கணினியின் சீட்டில் 18,640. புதிய கணினியின் சீட்டில் 1,860. கருவி அனுப்பிய 018640 என்ற ஆறு இலக்கங்களில் நடுவே இருந்த 4 தொலைந்துபோய், 01860 என்ற ஐந்து இலக்கங்களை நிரல் நம்பி வாங்கிக்கொண்டது. இலக்கங்கள் ஆறு இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை, அதுவரை அதற்குத் தேவையும் ஏற்பட்டதில்லை.

காரணத்தைத் தேடியபோது புரிந்தது இது. கருவி விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அனுப்பியது; ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்று கொண்டால், ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடிக்கு ஓர் எழுத்து. பழைய கணினியில் அந்த எழுத்து போர்ட்டை அடைந்ததும் நிரல் அதை நேராக எடுத்துக்கொண்டது. நீண்ட சுழற்சியில் போர்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த நிரல் எழுதப்பட்ட முறை. யுஎஸ்பி மாற்றியோ, எழுத்துகளைச் சேர்த்து வைத்து, நாங்கள் வாங்கிய வகையில் 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, கொத்தாகக் கொடுத்தது. பதினைந்து எழுத்துகள் ஒன்றாக வந்து விழும்போது, ஒன்றை நிரல் எடுப்பதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவது எப்போதாவது நடந்தது. எப்போதாவது என்பதுதான் இதில் ஆபத்தானது. எப்போதும் தவறாக இருந்தால் முதல் வண்டியிலேயே கண்டிருப்போம். இலக்கம் தொலைந்தது காலி லாரியின் எடையில் என்றால், அது விவசாயிக்கு ஆதாயமாகவும் ஆலைக்கு நட்டமாகவும் எங்கோ ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

போலிமைப்பைக் கைவிட்டோம். புதிய கணினியின் உள்ளே உண்மையான தொடர்நிலைப் போர்ட் கொண்ட ஓர் அட்டையைப் பொருத்தி, சீட்டுப் போடும் நிரலைப் புதிதாக 64 பிட்டில் எழுதினோம். வண்டி எண், பழ வகை, லோடு எடை, காலி எடை, நிகர எடை என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூன்று கட்டுப்பாடுகளை வைத்தோம்: தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் ஆறு இலக்கங்களும் முழுமையாக இல்லாத எதையும் நிரல் தொடாது, அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால்தான் எடையாக ஏற்கும், அதே வண்டி எண்ணின் பழைய காலி எடையிலிருந்து பெரிதும் விலகினால் பொறுப்பாளரைக் கேட்கும். மூன்றாவது கட்டுப்பாடு என் கண்டுபிடிப்பு அல்ல. ‘காலி லாரியே இதைவிட எடை இருக்குமே’ என்று அவர் சொன்னதை அப்படியே நிரலாக்கினேன்.

பழைய சீட்டுகளின் தரவு டிபிஎஃப் என்ற பழைய தரவுத்தள வடிவக் கோப்புகளில் இருந்தது. முதல் 32 பைட்டுகளில் தலைப்பு, பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட்டு விவரம், பிறகு வரிசையாகப் பதிவுகள் என்ற எளிய அமைப்பு அது. எழுதியவர் இல்லாவிட்டாலும் யாரும் படிக்கலாம். நிரல்கள் செத்தாலும் தரவு பிழைத்திருப்பதற்கு இதுபோன்ற வெள்ளந்தியான அமைப்பு எவ்வளவு உதவுகிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

விவசாயிகள் பேரேடு

இரண்டாவது இடம் பேரேடு. டெல்ஃபி 7 என்ற நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்ட 32 பிட் நிரல். ஆலையின் முன்னாள் ஊழியர் எழுதியது. மூல நிரல் ஒரு சிடியில் பத்திரமாக இருந்தது. புதிய கணினியில் அது உடனே ஓடியது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, வட்டில் இடம் போதவில்லை என்று சொல்லி நின்றது. வட்டில் நானூறு ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது.

அந்த நிரல் தரவுக்காக நம்பியிருந்த போர்லாண்ட் தரவுத்தள இயக்கியில் உள்ள பழைய குறை இது. காலி இடத்தை அது 32 பிட் எண்ணாகப் பார்க்கிறது. 4 ஜிபி ஆனதும் அந்த எண் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். காலி இடம் 4 ஜிபியின் மடங்குக்குச் சற்றே மேலாக அமைந்துவிட்டால், இயக்கியின் கண்ணுக்கு அங்கே ஒன்றுமில்லை. சிறிய வட்டுகளின் காலத்தில் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத் தீர்வாக, ஆலையின் ஆயுதபூசைக் காணொளிகளை அந்த வட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். காலி இடம் குறைந்ததும் பேரேடு எழுந்து உட்கார்ந்தது. வேடிக்கையாக இருந்தாலும் பருவத்தின் நடுவில் இப்படி நடந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்த இயக்கிக்கு 64 பிட் பதிப்பே வந்ததில்லை. ஆகவே நிரலைப் புதிய டெல்ஃபியில், வேறு தரவுத்தளத்துடன், 64 பிட்டாக மறுதொகுப்பு செய்வது என்று முடிவெடுத்தோம். இப்போது திரும்பிப் பார்த்தால், ஒரு பருவம் பொறுத்திருந்து, எடைமேடை ஓய்ந்த பிறகு இதைத் தொட்டிருக்கலாம் என்றே தோன்றுகிறது. இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே காலத்தில் செய்தது என் அவசரம்.

மறுதொகுப்பில் முதலில் உடைந்தது தமிழ். விவசாயிகளின் பெயரும் ஊரும் 1999-இல் தமிழக அரசு அறிவித்த, எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் டேப் (TAB) குறியாக்கத்தில் இருந்தன. டெல்ஃபி 7-க்கு எழுத்து என்பது வெறும் பைட். டெல்ஃபி 2009 முதல் எல்லாம் யுனிகோடு. பழைய பைட்டுகள் புதிய நிரலில் ஐரோப்பிய எழுத்துகளாக உருமாறி நின்றன. மாற்றி எழுதுவது வெறும் அட்டவணை வேலையாகவும் இல்லை. டேப் குறியாக்கம் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது: போச்சம்பள்ளி என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு பகரம், பிறகு கால். யுனிகோடில் பகரம் முதலில், பிறகு ஓகாரக் குறி ஒன்றே. கொம்பைப் பிடித்து, அடுத்த மெய்யைத் தாண்டவைத்து, அதற்கடுத்துக் கால் இருந்தால் அதனுடன் சேர்க்க வேண்டும்.

இதில் எதிர்பாராத ஒரு முறையீடு வந்தது. பழைய பட்டியலில் கோவிந்தன், போச்சம்பள்ளி, தோப்பூர் எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கியிருந்தன, ஏனெனில் எல்லாவற்றின் முதல் பைட்டும் இரட்டைக் கொம்பு. அகரவரிசைப்படி அது பிழை. ஆனால் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளும் கணக்காளர் அம்மாவின் கை அந்தப் பிழைக்குப் பழகியிருந்தது. சரியான வரிசையைக் கொடுத்ததும், பெயர்கள் காணாமல் போய்விட்டதாக அவர் சொன்னார். ஒரு மாதம் இரண்டு பட்டியல்களையும் அச்சிட்டுக் கொடுத்தோம்.

ஊர்ப் புலத்தை அடுத்து மாவட்டப் புலம் ஒன்றும் இருந்தது. அதில் பர்கூர், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளி விவசாயிகள் பலரும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தார்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் பதிந்தவர்களை யாரும் திருத்தவில்லை. சிப் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லைதான், ஆனால் வீடு மாறும்போதுதானே பரணைத் துடைக்கிறோம்.

அதிக நேரம் பிடித்தது அரைப் பைசா. மறுதொகுத்த நிரலை நம்புவதற்கு முன், முடிந்த பருவத்தின் எல்லாக் கணக்குகளையும் அதில் மீண்டும் ஓட்டி, பழைய பேரேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டோம். பெரும்பாலான வரிகள் ஒத்துப்போயின. சிலவற்றில் ஒரு பைசா கூடியிருந்தது. கூலி கழித்த பின் 2,347 ரூபாய் வரவேண்டிய ஒரு சிறு விவசாயியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை விழுக்காடு தரகு 35.205 ரூபாய். பழைய நிரல் 35.20 என்றது, புதியது 35.21 என்றது. சரி, புதியது அரைப் பைசாவை மேலே ஏற்றுகிறது என்று நினைத்தால், 2,345 ரூபாய்க் கணக்கில் 35.175 என்பதை இரண்டும் 35.17 என்றன. இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் புதிய நிரலின் வழக்கமே மாறியது.

விகிதமான 0.015 என்ற எண் இரும எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாத ஒன்று. 64 பிட்டில் சேமிக்கும்போது அது உண்மையைவிட மிக நுண்ணிய அளவு குறைவாகவே நிற்கும். பழைய 32 பிட் டெல்ஃபி, கணக்கிடும்போது எக்ஸ்87 எனப்படும் பழைய கணக்கு அலகின் 80 பிட் அகலத்தைப் பயன்படுத்தியது. அந்த அகலத்தில் நுண்ணிய குறைவு கடைசி வரை அழியாமல் இருந்தது. அதனால் அரைப் பைசா வரும்போதெல்லாம் அது அரைக்குச் சற்றுக் கீழே என்றே கணக்காகி, எப்போதும் கீழே இறங்கியது. 64 பிட் டெல்ஃபி, எஸ்எஸ்இ2 எனப்படும் பிந்தைய கணக்குக் கட்டளைகளில், 64 பிட் அகலத்திலேயே ஒவ்வொரு படியிலும் முழுமைப்படுத்துகிறது. 2,347-ஐ 0.015-ஆல் பெருக்கி, பிறகு நூறால் பெருக்கும்போது அந்தக் குறைவு உருண்டு மறைந்து சரியாக 3520.5 ஆகிவிட்டது, 2,345-இல் மறையவில்லை. இரண்டு சிப் அலகுகளும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்தன. பிழை, பணத்தை மிதவைப் புள்ளி எண்ணில் (தசமங்களை இருமத்தில் தோராயமாகச் சேமிக்கும் வகையில்) எழுதியதில் இருந்தது. இருபது ஆண்டுகளாக 80 பிட் அகலம் அதை மூடி வைத்திருந்தது.

மொத்தப் பருவத்துக்கும் இந்த வித்தியாசம் ஒரு தேநீர்ச் செலவுகூட ஆகாது. ஆயினும் விவசாயியிடம் உள்ள பழைய சீட்டோடு பேரேடு ஒத்துப்போகாத ஒரு பைசாவுக்கு விளக்கம் எழுத எந்தக் கணக்காளரும் விரும்புவதில்லை. எல்லாத் தொகைகளையும் பைசாவில் முழு எண்களாக மாற்றினோம்: 2,34,700 பைசா, பெருக்கல் 15, வகுத்தல் 1,000. மீதியை என்ன செய்வது என்பதை இனிச் சிப் தீர்மானிக்கக் கூடாது, யாராவது ஒருவர் தீர்மானிக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். தரகு விவசாயியின் பணத்தில் பிடிக்கப்படுவதால், அரைப் பைசாவை விட்டுவிடலாம் என்றார். பழைய நிரல் தன்னையறியாமல் செய்துவந்ததும் அதுவே என்பதால், எல்லா வரிகளும் ஒத்துப்போயின.

வாங்கிய பின் வீட்டுக்குப் போன ஒன்று, மாற்றாமல் விட்ட ஒன்று

வேலை நடந்துகொண்டிருந்தபோதே உரிமையாளரின் மகன் பெங்களூருவிலிருந்து எக்ஸ்86 அல்லாத, ஆர்ம் என்ற வேறு வகைச் சிப் கொண்ட மடிக்கணினி ஒன்றை வாங்கிவந்தார். மின்கலம் நாள் முழுதும் நின்றது; அவருக்கு அது பிடித்திருந்தது. விண்டோஸ் 11, ஆர்ம் கணினிகளில் எக்ஸ்86 நிரல்களை, 32 பிட்டாயினும் 64 பிட்டாயினும், மொழிபெயர்த்து ஓட்டிவிடும், பேரேடும் ஓடியது. ஆனால் மொழிபெயர்ப்பு சாதாரண நிரல்களுக்கு மட்டும்தான். வன்பொருளோடு பேசும் இயக்கிகள் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஏற்றுமதி ஆவணங்களில் கையொப்பமிடப் பயன்படும் யுஎஸ்பி டோக்கனின் மென்பொருள் அந்தக் கணினியில் டோக்கனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு மாதம் போராடிவிட்டு, அந்த மடிக்கணினியை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வழக்கமான எக்ஸ்86 மடிக்கணினியை வாங்கினார்கள். அடுத்த தடவை அலுவலகத்துக்கு ஆர்ம் கணினி வாங்கும்போது, முதலில் டோக்கனையும் பிரிண்டரையும் கடைக்கே எடுத்துக்கொண்டு போகும்படி சொல்லியிருக்கிறேன்.

ஆய்வகக் கணினியை மாற்றவில்லை. 3.1 கிலோ டின்களில் அடைத்த கூழ், கொதிநீரில் எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் இருந்தது என்பதைப் பதியும், பிசிஐ என்ற பழைய வகைத் துளையில் செருகிய அட்டை அதில் உள்ளது. அட்டையின் இயக்கி 32 பிட்டில் மட்டுமே கிடைத்தது. 64 பிட் விண்டோஸ் தன் மையத்துக்குள் 64 பிட் இயக்கியை, அதுவும் முறையாகக் கையொப்பமிடப்பட்டதை மட்டுமே அனுமதிக்கும். புதிய தாய்ப்பலகையில் பிசிஐ துளையும் இல்லை. பதிவு அமைப்பையே மாற்ற வேண்டுமென்றால், வெப்ப உணரிகளிலிருந்து தொடங்க வேண்டும். அது ஆலைப் பொறியாளர்களின் தனி வேலை, அதற்குரிய நிதியும் இந்த ஆண்டு இல்லை. எனவே அந்த 32 பிட் விண்டோஸ் 7 கணினியை வலையமைப்பிலிருந்து முழுவதுமாகப் பிரித்தோம். யுஎஸ்பி துளைகளை அடைத்தோம். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேடி அதே வகைத் தாய்ப்பலகை இரண்டு வாங்கி, ஒன்றைச் சோதித்து, இரண்டையும் உறையிட்டு அலமாரியில் வைத்தோம். வட்டின் முழுப் பிரதி ஒன்றும் அதே அலமாரியில் உள்ளது. வெப்பப் பதிவு இப்போது தாளில் மட்டுமே அச்சாகி வெளியே வருகிறது.

வலையமைப்பு இல்லாததால் அந்தக் கணினியின் கடிகாரம் வாரத்துக்குச் சில விநாடிகள் பின்தங்குகிறது. டின்னின் தொகுதி எண்ணில் நேரமும் இருப்பதால் அதை அப்படியே விட முடியாது. திங்கட்கிழமை காலை ஆய்வகப் பணியாளர் கைப்பேசியைப் பார்த்து நேரத்தைத் திருத்தி, எத்தனை விநாடி திருத்தினார் என்பதை முதல் வாரத்து மூன்று பத்தி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் போட்டுக் கொடுத்த நான்காவது பத்தியில் எழுதிக் கையெழுத்திடுகிறார்.